யாரை விடுறது? சி.எஸ்.கே.வும் எங்க தெரு டீமும்

[எங்கள் பாட்காஸ்டில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.]

இன்னைக்கு எபிசோடுல ஸ்கோர் கிடையாது, மேட்ச் கிடையாது. மேட்ச் இல்லாத மாசங்கள்ல ஒரு டீம் என்ன பண்ணுதுன்னு பேசப் போறேன்.

நான் திருவொற்றியூர்க்காரன். அம்மா வீடு காசிமேடு பக்கம். அதனால "ஆஃப் சீசன்"னு யாராவது சொன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது கிரிக்கெட் இல்ல, மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வெளியூர்ல இருந்து வர்றவங்க துறைமுகத்தைப் பார்த்துட்டு, "படகெல்லாம் சும்மா நிக்குதே"ன்னு சொல்வாங்க. சும்மாவா நிக்குது? இன்ஜினைப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க. வலையை விரிச்சு கிழிசல் பார்ப்பாங்க. எந்தப் பலகையை மாத்துறது, எந்தப் பலகையை இன்னொரு வருஷம் ஒட்டுப் போட்டு ஓட்டுறதுன்னு படகுக்காரர் தலையைச் சொறிஞ்சிட்டு உட்கார்ந்திருப்பார். கையில இருக்கிற காசுக்கு எல்லாத்தையும் புதுசாக்க முடியாது. தப்பான பலகையை விட்டு வெச்சா நடுக்கடல்லதான் தெரியும்.

ஒரு விளையாட்டு டீமோட ஆஃப் சீசனும் இதேதான். இதுக்கு நம்ம ஊர்ல சமீபத்துல நடந்த பெரிய உதாரணம் சென்னை சூப்பர் கிங்ஸ்.

கடைசி இடம்

2025 ஐ.பி.எல்.லை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 14 மேட்ச்ல 4 வெற்றி, 10 தோல்வி. அஞ்சு கோப்பை வாங்கின டீம் முதல் தடவையா புள்ளிப் பட்டியல்ல கடைசி. 2008க்கு அப்புறம் பெங்களூரு டீம் சேப்பாக்கத்துல வந்து ஜெயிச்சதும் அந்த வருஷம்தான். கேப்டன் ருதுராஜ் முழங்கையில அடிபட்டு அஞ்சு மேட்ச்சோட வெளிய போனார். தோனி திரும்பவும் கேப்டன் ஆனார்.

எல்லாரும் கேட்ட கேள்வி, "ஏன் இவ்வளவு வயசானவங்களை வெச்சிருக்காங்க?" நியாயமான கேள்விதான். ஆனா அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னும் பார்க்கணும். ரெண்டு வருஷத் தடை முடிஞ்சு 2018ல திரும்பி வந்தப்போ, முப்பதைத் தாண்டினவங்களா சேர்த்து வெச்சிருக்காங்கன்னு ஊரே சிரிச்சது. "டாடிஸ் ஆர்மி"ன்னு பேர் வெச்சாங்க. அந்த டாடிஸ் ஆர்மிதான் கோப்பை வாங்குச்சு. 2021லயும் அனுபவசாலிகளை நம்பித்தான் வாங்கினாங்க. ஒரு வழி நமக்கு ரெண்டு தடவை ஜெயிச்சுக் கொடுத்துட்டா, மூணாவது தடவை அதைச் சந்தேகப்பட மனசு வராது. சி.எஸ்.கே. மாட்டிக்கிட்டது அங்கதான்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணும் கவனிங்க. அந்தச் சீசன்ல கொஞ்சமாவது உயிர் வந்தது எப்போ? ருதுராஜுக்குப் பதிலா 17 வயசு ஆயுஷ் மாத்ரே வந்தப்போ. குர்ஜப்னீத்துக்கு அடிபட்டு டெவால்ட் பிரேவிஸ் வந்தப்போ. அப்புறம் உர்வில் படேல். மூணு பேருமே ஏலத்துல எடுத்தவங்க இல்ல, பாதி சீசன்ல மாத்தா வந்தவங்க. வந்தவுடனே பயமில்லாம அடிச்சாங்க. அடுத்த வருஷத்துக்கான பிளான் ஆபீஸ் மேசையில தொடங்கல. அடிபட்ட இடத்துல தானா தொடங்குச்சு.

நவம்பர் 15

ஐ.பி.எல்.ல ஆஃப் சீசன்னா முக்கியமா மூணு வேலை. யாரை வெச்சுக்கிறோம், யாரை விடுறோம்னு குறிப்பிட்ட தேதிக்குள்ள பட்டியல் கொடுக்கணும். வேற டீமோட ஆள் மாத்திக்கலாம், அதுக்கு டிரேட்னு பேர். மிச்சம் இருக்கிற காசோட ஏலத்துக்குப் போகணும். 2026க்கு ஒரு டீமுக்கு மொத்த காசு 125 கோடி. அதிகபட்சம் 25 பேர், அதுல வெளிநாட்டுக்காரங்க 8 பேர்.

பட்டியல் கொடுக்க வேண்டிய தேதி 2025 நவம்பர் 15. அன்னைக்குக் காலையில செய்தி உறுதியாச்சு. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு.

ஜடேஜா 2012ல சென்னைக்கு வந்தவர். தடையில இருந்த ரெண்டு வருஷத்தைத் தவிர வேற எங்கயும் போகல. 2023 ஃபைனல், அகமதாபாத், கடைசி ரெண்டு பந்துல 10 ரன் வேணும். மோகித் சர்மா பந்துல ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். தோனி அவரைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்ன காட்சியை எங்க தெருவுல இன்னும் செல்போன்ல வெச்சிருக்கிறவங்க இருக்காங்க. அப்படிப்பட்ட ஆளையா விடுறது?

உணர்ச்சியைக் கொஞ்சம் ஒதுக்கி வெச்சுட்டுக் கணக்கைப் பாருங்க. ஜடேஜாவோட சம்பளம் 18 கோடி. சாம்சனோட சம்பளமும் 18 கோடி. ஜடேஜாவுக்கு அப்போ 36 வயசு, மூணு வாரத்துல 37. சாம்சனுக்கு அந்த வாரம்தான் 31 ஆச்சு. அவர் விக்கெட் கீப்பர், மேல இறங்கி ஆடுறவர், கேப்டனா இருந்தவர். தோனிக்கு அப்போ 44 வயசு. தோனி இல்லாத ஒரு நாள் வரத்தான் போகுது. அந்த நாளுக்கு ஆள் வேணும். அதே 18 கோடியில அஞ்சு வருஷம் கூடுதலா வாங்கியிருக்காங்க. கூடவே கரனையும் கொடுத்தாங்க, அது சென்னை கொடுத்த விலை. ராஜஸ்தான்ல ஜடேஜாவோட சம்பளம் 14 கோடியாச்சு.

அதோட நிறுத்தல. 13 கோடிக்கு வெச்சிருந்த பதிரனாவை விட்டாங்க. கான்வே, ரச்சின் ரவீந்திரா, திரிபாதி, விஜய் சங்கர் எல்லாரையும் விட்டாங்க. 9.75 கோடிக்கு எடுத்த அஸ்வின் ஆகஸ்ட்லயே ஐ.பி.எல்.ல இருந்து ஓய்வு அறிவிச்சுட்டார். எல்லாம் சேர்ந்து கையில 43.40 கோடி, நிரப்ப வேண்டியது ஒன்பது இடம்.

காசிமேட்டு ஏலம்

எங்க சித்தி காசிமேட்டுல மீன் ஏலம் எடுத்து வித்தவங்க. விடிகாலையில அவங்களோட போயிருக்கேன். அவங்க சொல்ற ஒரு விஷயம்: "உனுக்கு இன்னா வேணும்னு உன் மூஞ்சில தெரியக் கூடாது. தெரிஞ்சா ஏத்தி வுட்ருவானுங்க." கல்யாண வீட்டு ஆர்டர் இருக்கு, வஞ்சிரம் கண்டிப்பா வேணும்னு எதிர்ல நிக்கிறவனுக்குத் தெரிஞ்சா போச்சு. அவனுக்கு வேண்டாத மீனுக்கும் விலை கேட்டு ஏத்துவான்.

டிசம்பர் 16, அபுதாபி ஏலத்துல சி.எஸ்.கே. மூஞ்சில எல்லாமே தெரிஞ்சது. ஜடேஜா போயிட்டார், இடது கை ஸ்பின் போட்டு அடிக்கிற ஆள் வேணும். தோனிக்குப் பின்னால கீப்பிங் பண்ற இளம் ஆள் வேணும். கையில காசும் இருக்கு. பிரஷாந்த் வீர், கார்த்திக் சர்மா. ரெண்டு பேரும் இந்தியாவுக்காக ஆடாத சின்னப் பசங்க. ஆரம்ப விலை 30 லட்சம். ஆளுக்கு 14.20 கோடி! இந்தியாவுக்கு ஆடாத வீரருக்கு ஐ.பி.எல். ஏலத்துல இதுவரைக்கும் இவ்வளவு போனதில்ல. 43 கோடியில 28 கோடிக்கு மேல இந்த ரெண்டு பேருக்கே. மிச்சத்துல ராகுல் சாஹர், அகீல் ஹொசைன், மேட் ஹென்றி, சர்ஃப்ராஸ் கான்னு நிரப்பினாங்க. பதிரனாவை 18 கோடிக்குக் கொல்கத்தா தூக்கிட்டுப் போச்சு.

இது சரியா தப்பான்னு நான் தீர்ப்பு சொல்லல. ஆனா ஒண்ணு தெரியுது. பழைய ஆளை ரொம்ப நாள் வெச்சிருந்ததுக்கான வட்டி இது. முன்னாடியே ஒவ்வொரு வருஷமும் ரெண்டு பசங்களை 30 லட்சத்துக்கும் 40 லட்சத்துக்கும் எடுத்து வளர்த்திருந்தா, ஒரே நாள்ல 28 கோடி கொட்ட வேண்டியிருந்திருக்காது. ஒரு வருஷம் முன்னாடி மாத்தின பலகைக்கு ஒரு விலை. ஓட்டை விழுந்த பிறகு மாத்துற பலகைக்கு வேற விலை.

அமெரிக்காவுல என்.எஃப்.எல்.னு அவங்க ஊர் ஃபுட்பால் லீக் இருக்கு. 32 டீம், டீமுக்கு 53 பேர். அங்கயும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஆனா கடைசி இடத்துல வந்த டீமுக்கு ஒரு ஆறுதல் இருக்கு. காலேஜ்ல இருந்து வர்ற புதுப் பசங்களை எடுக்கிற டிராஃப்ட்ல முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கிற உரிமை அவங்களுக்குத்தான். விழுந்தவனைத் தூக்கிவிடுற ஏற்பாடு. அதுக்குப் பதிலா இன்னொரு பக்கம் இறுக்குவாங்க. முன்பணமா பெரிய தொகை கொடுத்த ஆளைப் பாதியில விட்டா, அவர் போன பிறகும் அந்தக் காசு உங்க கணக்குல சுமையா நிக்கும். ஐ.பி.எல்.ல ரெண்டும் கிடையாது. கடைசியா வந்தாலும் சலுகை இல்ல. ஆளை விட்டா அவரோட மொத்தக் காசும் உடனே கைக்கு வந்துடும். அதனால நம்ம ஊர்ல ஆளை விடுறது கணக்குல ரொம்ப சுலபம். கணக்குல மட்டும்தான்.

பனியன் பட்டியல்

இப்போ என் கதைக்கு வர்றேன். இந்த எபிசோடைப் பண்ணணும்னு தோணினதே இதனாலதான்.

எங்க தெருவுல ஒரு டென்னிஸ் பால் டீம் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆட்டம். நான்தான் கேப்டன், கேஷியர் எல்லாம். எங்களுக்கும் காசுக்கு வரம்பு உண்டு. ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டு பந்து, பனியன், டோர்னமென்ட் என்ட்ரி ஃபீஸ். பெரிய டோர்னமென்ட்னா வெளியில இருந்து ஒரு கெஸ்ட் பிளேயர், அவனுக்கு பெட்ரோல், சாப்பாடு.

டீமை ஆரம்பிச்சவர் ஒரு அண்ணன். கன்டெய்னர் லாரி ஓட்டுறவர். எங்க முதல் பேட்டை அவர் காசுல வாங்கினார். எனக்கு யார்க்கர் போடக் கத்துக் கொடுத்தவரும் அவர்தான். நைட் முழுக்க துறைமுகத்து கேட்ல லாரியோட நின்னுட்டு, காலையில தூங்காம கிரவுண்டுக்கு வருவார். ஆனா முட்டி போச்சு. ஒரு செமி ஃபைனல்ல கடைசி ஓவர் அவர்கிட்ட கொடுத்தேன், 17 ரன் போச்சு. டீம்ல யாரும் வாயைத் திறக்கல. எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க.

அடுத்த சீசனுக்கு அவர் இல்லைன்னு நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். மூணு மாசம் டைம் இருந்துச்சு. தினம் அவரை டீக்கடையில பார்த்தேன். இன்னைக்கு வேணாம், நாளைக்குச் சொல்லலாம். பொங்கல் முடியட்டும். இப்படியே போச்சு. கடைசியில புதுப் பனியனுக்குப் பேர், நம்பர் எழுதி பிரின்ட் கடைக்கு அனுப்பினேன். அதுல அவர் பேர் இல்ல. 11ஆம் நம்பரை ஒரு சின்னப் பையனுக்குப் போட்டிருந்தேன்.

கடைக்காரர் அவருக்கும் பழக்கம். "இன்னாண்ணா, உன் பேர காணோம், வுட்டுப் போச்சா?"ன்னு போன் பண்ணிக் கேட்டிருக்கார்.

அண்ணன் அன்னைக்குச் சாயங்காலம் வந்தார். சண்டை போடல. "நீ என்ன எடுத்தது தப்பு இல்லடா. எனுக்கே தெரியும், முட்டி போச்சு. ஆனா அத பனியன் கடக்காரன் சொல்லியா நான் தெரிஞ்சிக்கணும்?"

என்கிட்ட பதில் இல்ல. அந்த வருஷம் நாங்க ரெண்டு டோர்னமென்ட் ஜெயிச்சோம். அந்தச் சின்னப் பையன் நல்லாத்தான் போட்டான். கணக்குல பார்த்தா என் முடிவு நூத்துக்கு நூறு சரி. அண்ணன் ஒரு வருஷம் கிரவுண்டு பக்கமே வரல. கோப்பையோட போட்டோ எடுத்தோம். அந்த போட்டோவை இன்னைக்கும் நான் ஸ்டேட்டஸ்ல வெச்சதில்ல.

2022 ஏலத்துல ரெய்னா பேர் வந்து, ஆரம்ப விலை 2 கோடிக்குக்கூட ஒரு டீமும் கை தூக்கலையே, அப்போ சென்னைக்காரங்களுக்கு ஏன் அவ்வளவு வலிச்சதுன்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது. எடுக்காதது பாதி வலி. அந்த மௌனம் மீதி வலி.

ஆக, தெரு டீம், காலேஜ் டீம், கம்பெனி டீம் நடத்துறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். சீசன் முடிஞ்ச வாரத்துலயே உட்கார்ந்து எழுதுங்க. யார் அடுத்த வருஷமும் நிச்சயம், யாருக்குப் பதில் ஆள் தேடணும், யாரோட இடம் முடிஞ்சுது. ஜெயிச்ச வருஷமும் எழுதுங்க, தோத்த வருஷம் மட்டும் இல்ல. ஒவ்வொரு வருஷமும் ரெண்டு சின்னப் பசங்களைப் பெஞ்சுலயாவது உட்கார வைங்க. மூணாவது, பட்டியல் எந்தக் கடைக்கும், எந்த வாட்ஸ்அப் குரூப்புக்கும் போறதுக்கு முன்னாடி, பேர் இல்லாதவங்க வீட்டுக்கு நீங்களே போங்க.

இந்த வருஷம் எங்க கீப்பரை மாத்த வேண்டியிருந்தது. போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். அவங்க அம்மா டீ போட்டாங்க. அரை மணி நேரம் வேற எதையோ பேசிட்டு அப்புறம் சொன்னேன். முகம் சுருங்குச்சு. "சரி மச்சான், பசங்களுக்கு பிராக்டீஸாவது குடுக்கறேன்"னான். திரும்பி வரும்போது அண்ணன் வீட்டு வாசல்ல லாரி நின்னுச்சு. கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்திட்டு நின்னேன். அப்புறம் உள்ள போனேன். ரெண்டு வருஷம் லேட்டுதான்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "கீப்பருக்கு பதில் யாரடா எடுத்த?"

அடுத்த எபிசோடுல பார்ப்போம். உங்க டீம்ல இப்படி யாரையாவது விட வேண்டி வந்திருந்தா எழுதி அனுப்புங்க, படிக்கிறேன்.