கலப்பெண்ணும் மின்காந்தப் புலமும்



கணிதத்தில் 'கற்பனை எண்' என்றொரு சொல் வழங்கி வருகிறது. 1637ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் இப்பெயரை இட்டார். அது பொருந்தாப் பெயர் என்றும், 'பக்கவாட்டு எண்' என்பது போன்ற பெயர் வழங்கியிருந்தால் இத்துணை மயக்கம் நேர்ந்திராது என்றும் ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1831இல் கருத்துரைத்தார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு அக்கருத்து மிகவும் உவப்பானது. ஆயினும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. தமிழ்ப் பாடநூல்களும் மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்றே கூறுகின்றன. மின்காந்த அலைகளைக் கணினியில் ஆராயுமிடத்து இப்பெயரால் விளையும் மயக்கத்தையும், அதனைக் களையும் வழியையும் இன்று காண்போம். வெளி மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில் பொறியியல் பயிலும் பிள்ளைகள் பலர் உளர். அவர்தம் பாடம் பற்றிய பேச்சு இது, பெற்றோர்க்கும் விளங்கும்.

நுண்ணலை அடுப்பையோ கைப்பேசியையோ செய்வதற்கு முன்னர், அதன் உள்ளும் புறமும் மின்புலம் எவ்வாறு பரவும் என்பதைப் பொறியாளர் கணினியில் கணித்துப் பார்க்கின்றனர். இடத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்து, மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைக் கொண்டு ஒவ்வொரு கூற்றிலும் புலத்தைக் காண்கின்றனர். ஒரே அதிர்வெண்ணில் ஊசலாடும் புலத்தைக் கணந்தோறும் பின்தொடர வேண்டுவதில்லை. அதன் உச்ச வீச்சு யாது, ஊசலாட்டத்தில் அது எக்கட்டத்தில் நிற்கிறது என்னும் இரண்டும் தெரிந்தால் போதும். இவ்விரண்டையும் ஒரே கலப்பெண்ணில் அடக்கிவிடலாம். மாறுதிசை மின்னோட்டக் கணக்குகளில் இம்முறையைப் பரப்பியவர்களுள் தலையாயவர் ஸ்டைன்மெட்ஸ். 1893இல் சிக்காகோவில் கூடிய மின்னியல் மாநாட்டில் அவர் இதனை எடுத்துரைத்தார்.

ஓரிடத்து மின்புலத்தின் மெய்ப்பகுதி 3, கற்பனைப் பகுதி 4 என்று கணினி தருவதாகக் கொள்வோம். அலகு மீட்டருக்கு வோல்ட். இதன் பொருள் யாது? மிதிவண்டிச் சக்கரத்தின் ஓர் ஆரத்தை எண்ணிப் பாருங்கள். அதன் நீளம் 5. அதன் நுனி அச்சிலிருந்து வலப்புறம் 3, மேலே 4 என்ற நிலையில் உள்ளது. கதிரவன் நேர் உச்சியில் இருந்தால் தரையில் விழும் நிழலின் நீளம் 3. அந்த நிழலே அக்கணத்தில் நிலவும் மின்புலம். சக்கரம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்றுச் சுழன்றதும் நிழல் இடப்புறம் 4 ஆகிவிடும். ஆகவே கற்பனைப் பகுதி என்பது கால் சுற்றுக்குப் பின்னர், குறி மாறி, மெய்யாகவே தோன்றவிருக்கும் புலமாகும். நுண்ணலை அடுப்பின் அதிர்வெண் 2450 மெகாஹெர்ட்ஸ். அங்குக் கால் சுற்று என்பது நொடியின் ஆயிரம் கோடியில் ஏறத்தாழ ஒரு பங்கு. அத்துணைச் சிறு பொழுதில் தோன்றப்போவதைக் கற்பனை என்று தள்ளிவிடலாமா?

தள்ளினால் விளைவது இது. இழப்பில்லாத உலோகப் பெட்டி ஒன்றினுள் ஒரு கம்பியில் மின்னோட்டம் செலுத்தி, அம்மின்னோட்டத்தின் கட்டத்தையே தொடக்கமாகக் கொண்டு கணித்தால், மின்புலத்தின் மெய்ப்பகுதி எங்கும் பூச்சியமாக வரும். அப்படத்தைக் காணும் மாணவன் பெட்டியில் புலமே இல்லை என்று எண்ணக்கூடும். மின்னோட்டம் உச்சத்தில் உள்ள கணத்தில் புலம் பூச்சியத்தைக் கடக்கிறது என்பதே அப்படத்தின் பொருள். கால் சுற்றுக் கழிந்ததும் புலம் தன் முழு வீச்சில் நிற்கும்.

மெய்ப்பகுதியை விடுத்து வீச்சை மட்டும் நோக்கினாலும் குறை நேரும். ஒரே அதிர்வெண்ணுடைய இரு மூலங்கள் ஓரிடத்தில் தனித்தனியே 5 அளவுள்ள புலத்தை ஒரே திசையில் உண்டாக்குகின்றன என்போம். அவை ஒரே கட்டத்தில் இருப்பின் மொத்தம் 10. எதிர்க்கட்டத்தில் இருப்பின் பூச்சியம். கால் சுற்று விலகியிருப்பின் ஏறத்தாழ 7. எனவே கலப்பெண்களை முதலில் கூட்டிப் பின்னரே வீச்சைக் காணல் வேண்டும்.

குறி பற்றியும் ஒரு சொல். சுழற்சியைக் குறிக்கும் காலக் காரணியின் அடுக்கில் பொறியியலார் கூட்டல் குறி இடுவர்; இயற்பியலார் பலர் கழித்தல் குறி இடுவர். இரண்டும் முறையே. ஆனால் இரண்டையும் கலத்தல் ஆகாது. 25 பாகை வெப்பத்தில், அடுப்பின் அதிர்வெண்ணில், நீரின் ஒப்புமை விடுதிறனுக்கு மெய்ப்பகுதி ஏறத்தாழ 78, கற்பனைப் பகுதி ஏறத்தாழ 10. உணவைச் சூடாக்குவது இந்தப் பத்துதான். பொறியியலார் இதன்முன் கழித்தல் குறி இடுவர். மற்றையோர் கூட்டல் குறி இடுவர். ஒருவர் நூலிலிருந்து எடுத்த எண்ணை மற்றவர் முறையில் இயங்கும் கணினிக்கு அப்படியே கொடுத்தால், நீர் ஆற்றலை உறிஞ்சுவதற்கு மாறாகத் தானே ஆற்றலைப் பெருக்குவதாக விடை வரும்.

இறுதியாக, வீச்சு என்பது உச்ச அளவா, பயனுறு அளவா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். நம் வீட்டு மின்சாரத்தை 230 வோல்ட் என்கிறோம். அது பயனுறு அளவு. உச்சமோ ஏறத்தாழ 325. திறன் புலத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆதலால் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் விடை இரு மடங்காகவோ பாதியாகவோ பிழைபடும். கைப்பேசியால் உடல்திசு உறிஞ்சும் திறன், ஒரு கிராம் திசுவின் சராசரியாக, கிலோகிராமுக்கு 1.6 வாட்டை விஞ்சலாகாது என்பது 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் உள்ள வரம்பு. வடிவமைப்பில் உண்மையாக 2 வாட் வரவேண்டிய கருவி, இப்பிழையால் 1 வாட் என்று காட்டி வரம்புக்குள் நிற்பதாகத் தோன்றும். அக்கருவி ஒருவர் காதருகே இருக்கப்போவது என்பதை நினைவிற்கொள்க.

ஆகவே கணினி ஒரு கலப்பெண்ணைத் தந்தவுடன் நாம் கேட்க வேண்டுவன நான்கு: கட்டத்தின் தொடக்கம் எது, காலக் காரணியின் குறி எது, எண் உச்சமா பயனுறு அளவா, கூட்டிய பின் வீச்சைக் கண்டோமா? இந்நான்கிற்கும் விடை குறித்துவைத்த மாணவன் தன் படத்தை அச்சமின்றிப் படிக்கலாம்.