கட்டிடமும் கழிவுநீரும்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இவ்வாண்டு நம் பங்கிலிருந்து மூவர் சிவில் என்ஜினியரிங் படிப்பில் சேர்ந்திருக்கின்றனர் எனக் கேட்டு மகிழ்ந்தோம். நாம் குருமடத்தில் கற்றது மெய்யியலும் இறையியலும். பாலம் கட்டும் வித்தையைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி? ஆயினும் அப்படிப்பினால் நாம் பெற்ற ஒரு பாடத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

நான்காண்டுப் படிப்பு அது. நில அளவை, மண் இயக்கவியல், நீரியல், கான்கிரீட் என்று தொடரும். கான்கிரீட்டைக் கனசதுரமாக வார்த்து, 28 நாள் நீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பது மாணவர்க்கு உற்சாகமான வேலை. சுற்றுச்சூழல் பொறியியலும் உண்டு. முன்னாளில் பொதுச் சுகாதாரப் பொறியியல் என்றனர். குடிநீர், சாக்கடை, குப்பை! அங்கேதான் பலர் முகம் சுளிக்கின்றனர். "சாமி, பாலம் கட்டப் போனவனைச் சாக்கடை அளக்கச் சொல்றாங்க" என்று மூன்றாமாண்டு படிக்கும் தம்பி ஒருவர் நம்மிடமே முறையிட்டார்.

முன்பு பணியாற்றிய பங்கில் மாணவர் விடுதிக்குக் கழிப்பறை கட்டினோம். செலவைச் சுருக்கக் கருதி, வரைபடம் ஏதுமின்றி, கழிவுநீர் உறிஞ்சுகுழியைக் கிணற்றிலிருந்து இருபதடியில் வெட்டச் செய்தோம். மந்திரித்துத் திறந்து வைத்தவரும் நாமே. அடுத்த மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. கிணற்று நீரோ பளிங்குபோல் இருந்தது. ஆதலால் சமையற்கார அம்மாவைக் கடிந்துகொண்டோம்.

விடுமுறைக்கு வந்த பொறியியல் மாணவர் ஒருவர் அந்நீரைச் சுத்தமான குப்பியில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டு சென்றார். லாக்டோஸ் கலந்த கரைசலில் அந்நீரைவிட்டு, உள்ளே சிறு குழலொன்றைக் கவிழ்த்து, மிதமான வெப்பத்தில் 2 நாள் வைப்பார்களாம். குடற்கிருமி இருந்தால் அக்குழலுக்குள் வாயு சேரும். எல்லாக் குழல்களிலும் சேர்ந்திருந்தது. மேற்சோதனையும் அதையே உறுதி செய்தது. கிணற்றை மூடினோம். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் அழுததை இன்றும் மறக்கவில்லை.

மணல் வழியே நீர் எவ்வாறு ஓடுமென்று 1856-இல் விதி வகுத்தவர் ஹென்றி டார்சி. பிரான்சு நாட்டின் தீஜோன் நகருக்குக் குடிநீர் கொணர்ந்த பொறியாளர் அவர். நீர்மட்டச் சரிவு மிகுந்தால் ஓட்டமும் மிகும் என்பது அவ்விதி. நமது நிலம் மணற்பாங்கு. மோட்டார் போட்டு இறைத்து இறைத்து, சரிவை நாமே கூட்டி, கழிவுநீரைக் கிணற்றுக்கு அழைத்திருக்கின்றோம்! மாணவர் பாடநூலில் இருக்கும் செய்தி. மேஸ்திரி அதை அறியாதது குற்றமன்று. அறிந்தவரைக் கேளாதது நம் குற்றம்.

இலண்டனிலும் இதற்கொரு சான்றுண்டு. 1866-இல் காலரா வந்தபோது, பொறியாளர் பசல்கெட் அமைத்த பாதாளச் சாக்கடையுடன் இன்னும் இணைக்கப்படாதிருந்த கிழக்குப் பகுதியையே அது கடுமையாகத் தாக்கியது.

நம் பொன்விழா மண்டபத்தின் கழிப்பறைக்கு இன்னும் குழி வெட்டவில்லை. முறையிட்ட தம்பி வரும் ஞாயிறு பூசைக்குப் பின் டேப்பும் லெவல் கருவியும் கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார். புதிதாகச் சேர்ந்த மூவரும் உடன் வந்து அளவுகோலைப் பிடியுங்கள். மேஸ்திரியையும் வரச் சொல்லியிருக்கின்றோம்.