ஒப்பு என்பது யாது? சி மொழியும் தமிழ்ச் சொற்களும்



சில ஆண்டுகளுக்கு முன் ஜித்ராவில் ஆசிரியை ஒருவர் என்னிடம் ஒரு குறையைக் கூறினார். மாணவர் பெயர்ப்பட்டியலில் ‘கோமதி’ என்னும் பெயர் கண்ணுக்குத் தெரிகிறது. தேடினாலோ ‘இல்லை’ என்கிறது கணினி. பெயர் இருந்தும் பிள்ளை பட்டியலில் இல்லாதவள் ஆனாள்.

சி மொழியில் சொற்களை ஒப்பிடுவோர் முதலில் இடறும் இடம் இரட்டைச் சமக்குறி. அது சொற்கள் இருக்கும் நினைவக முகவரிகளை ஒப்பிடுமேயன்றி எழுத்துகளை ஒப்பிடாது. ஒரே நூலின் இரு படிகளை, அவை இருக்கும் வீட்டெண் வேறு என்பதால் வேறு நூல்கள் எனக் கொள்வது போன்றது அது. இதற்குரிய செயற்கூறு ‘எஸ்-டி-ஆர்-சி-எம்-பி’. அது பைட் பைட்டாக ஒப்பிட்டு, இரண்டும் ஒத்தால் சுழியம் தரும். முதற்சொல் முந்தினால் எதிர்ம எண், பிந்தினால் நேர்ம எண் தரும். சி மொழியில் சுழியம் ‘பொய்’ எனக் கொள்ளப்படும். ஆதலின் விடை சுழியமா என்று வெளிப்படையாக வினவுக. இன்றேல் நிபந்தனை தலைகீழாகும்.

இத்துணை செய்தும் கோமதி கிடைக்கவில்லை. ஏன்? யுனிகோடில் ‘கோ’ இருவகையாய் அமையும்: ககரமும் ஓகாரக் குறியும் என இரு குறியெண்கள், அல்லது ககரம், ஏகாரக் குறி, ஆகாரக் குறி என மூன்று. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட். ஆகவே முன்னது 6 பைட், பின்னது 9 பைட். கண்ணுக்கு ஒன்று, செயற்கூற்றுக்கு இரண்டு. இரண்டும் நிகரானவை என்பது யுனிகோடின் விதி. எனவே இரு சொற்களையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கிய பின்னரே ஒப்பிடல் வேண்டும்.

வரிசையிலும் இடர் உண்டு. நம் நெடுங்கணக்கில் மெய்களின் இறுதி னகரம். தொல்காப்பியமும் முப்பது எழுத்துகளையும் னகரத்திலேயே முடிக்கிறது. இந்திய மொழிகளுக்கான 1988ஆம் ஆண்டு ‘இஸ்கி’ அமைப்பைத் தழுவிய யுனிகோடோ னகரத்தை நகரத்தின் அடுத்து வைத்தது. ஆதலால் அகராதியில் ‘மரம்’ முந்த, பைட் ஒப்பீட்டில் ‘மனம்’ முந்தும். வரிசைப்படுத்த ‘எஸ்-டி-ஆர்-சி-ஓ-எல்-எல்’ என்னும் செயற்கூறு உண்டு. அது கணினியில் அமைத்துள்ள மொழிச்சூழலின் விதிகளைப் பின்பற்றும். அவ்விதிகள் நம் மரபுக்கு இயைந்தனவா என்பதை ‘மரம், மனம்’ போன்ற சொற்களால் சோதித்தறிக.

மாணவர்களே, எழுத்து என்பது வேறு, அதன் குறியெண் என்பது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்தவர் நிரல் எழுதினால், எந்தப் பட்டியலிலும் ஒரு கோமதி காணாமற் போகாள்.