ஐந்து சுரத்துக்கு ஒரு மூங்கில்

ஜப்பானியரின் ஷாகுஹாச்சி குழலை நம் ஊர் மூங்கிலில் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் அளவுச் சீட்டை மட்டும் நம்பிச் செய்ய முடியாது. இத்தனைக்கும் அந்தப் பெயரே ஓர் அளவுதான்: ஒரு ஷாகு, எட்டு சுன், அதாவது ஏறக்குறைய 54.5 சென்டிமீட்டர். முன்னால் நான்கு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. எல்லாத் துளைகளையும் மூடி ஊதினால் வருவதைச் சட்ஜமாகக் கொண்டால், கீழிருந்து திறக்கத் திறக்க க, ம, ப, நி, மேல் ச என்று ஏறும். நம் காதுக்கு அது சுத்த தன்யாசி. மியாகோபுஷி என்ற மற்றொரு ஜப்பானிய ஐந்திசைக்கும் நம் கர்நாடக சுத்த சாவேரிக்கும் சுரங்கள் ஒன்றே. சுரம் ஒன்றானதால் ராகமும் ஒன்றாகிவிடாது. கமகம் வேறு, நடை வேறு. ஆனாலும் அன்னியச் சரக்கு என்று ஒதுக்க இடமில்லை.

அளவு ஏன் போதாது? திருப்பூரில் எந்தக் கட்டிங் மாஸ்டரைக் கேட்டாலும் தெரியும். ஒரே நூல், ஒரே பேட்டர்ன். ஆனாலும் ஒரு லாட் துணி துவைத்தபின் சுருங்குவதுபோல் இன்னொரு லாட் சுருங்குவதில்லை. சுருக்கம் பார்க்காமல் வெட்டினால் பனியன் குட்டையாகும். மூங்கிலோ ஒவ்வொரு கழியுமே தனி லாட். உள்விட்டம், சுவரின் தடிமன், கணுவை நீக்கிய இடத்தில் எஞ்சும் மேடு எல்லாமே சுரத்தை அசைக்கும். அதனால் துளையை முதலில் சிறிதாகவே போட வேண்டும். பெரிதாக்கினால் சுரம் ஏறும். ஏறிய சுரத்தை இறக்க மெழுகும் பசையும் தேட வேண்டியதுதான். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டுத் துளைப்பதும் மூங்கில் பிளக்காமலிருக்கத்தான். ஊதிக் கேட்டு, அராவி, மறுபடி ஊதிக் கேட்டு முடிவு சொல்வது காது.

பிளாஸ்டிக் குழாயில் சுருதி பிசகாமல் வருமே என்பார்கள். உண்மை, பழகுவதற்கு அது நல்லது, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குழாய்க்குக் கண்ட கணக்கு எல்லாக் குழாய்க்கும் பொருந்துவதால், செய்பவரின் காது அங்கே வளராது. எட்டுத் துளைப் புல்லாங்குழலில் எல்லா ராகமும் வரும்போது தனிக் குழல் எதற்கு என்பது கனமான கேள்வி. நம் குழல் இயல்பாகத் தருவது அரிகாம்போதி. சுத்த தன்யாசியின் காந்தாரத்துக்கு அரைத்துளை மூட வேண்டும். கற்றவருக்கு அது எளிது, புதியவருக்கு அங்கேதான் சுரம் நழுவும். ஐந்து துளைக் குழலோ விரலைத் தூக்கியதும் சரியான சுரத்தைக் கொடுத்து, காதை முதலில் பழக்கிவிடுகிறது.

கல்மூங்கில் வேண்டாம், உள்ளே கெட்டியாக இருக்கும், தடிக்குத்தான் ஆகும். இளசும் முற்றி உலர்ந்ததும் வேண்டாம். வெட்டிய மூங்கிலை நிழலில் ஓராண்டு ஆறவிட்டு, முறுக்கும் வெடிப்பும் இல்லையென்று பார்த்தபின் குழல் செய்யச் சொல்கிறார் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார். தோட்டத்து மூங்கிலை இந்த மார்கழியில் வெட்டுகிறவர்கள், அடுத்த மார்கழிவரை அதில் துளை போடாதீர்கள்.