கொடிப்பந்தலும் பச்சைப்புழுவும்

(இராசிங்காபுரத்தில் நடைபெற்ற நமது சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிப்பவன் புழுவைப் பற்றிப் பேசுவது எற்றுக்கு எனச் சிலர் வினவுதல் கூடும். பூசணி, பாகல், புடல், பீர்க்கு, சுரை, வெள்ளரி ஆகியவை நம் அன்றாட உணவாதலின், அவற்றிற்கு வரும் கேட்டை அறிதல் நம் அனைவர்க்கும் கடமையேயாகும்.

இக்கொடிகளின் இலையைச் சுருட்டி, உள்ளிருந்து அரித்துத் தின்னும் பச்சைப்புழுவைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதன் முதுகில் வெண்கோடுகள் இரண்டு நெடுக ஓடும். இது ஓர் அந்துப்பூச்சியின் இளம்பருவம். 1851-ஆம் ஆண்டில் சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதற்கு ‘இண்டிகா’ என நம் நாட்டுப் பெயரையே சூட்டினார். ‘டயஃபானியா இண்டிகா’ என இன்று நூல்களில் வழங்குவது இதுவே.

இதன் வாழ்க்கை நான்கு பருவங்களை உடையது. தாய்ப்பூச்சி இரவில் வந்து இலையின் அடிப்புறத்தே முட்டையிடும். சில நாட்களில் முட்டை பொரிந்து புழு வெளிவரும். அது ஏறக்குறைய இரு வாரம் இலையையும் பூவையும் தின்று, பிஞ்சின் தோலையும் சுரண்டி, ஓரங்குல நீளம் வளரும். பின்னர் இலை மடிப்பினுள்ளே கூட்டுப்புழுவாகி, ஒரு வாரம் அல்லது சற்று மிகுதியாக உறங்கும். அதன்பின் வெளிவரும் பூச்சியின் சிறகு, கண்ணாடிபோல் வெளுத்துக் கரும்பழுப்பு விளிம்பு கொண்டிருக்கும். இவையெல்லாம் ஏறத்தாழ ஒரு திங்களுக்குள் முடிதலால், ஒரு கொடி காய்த்து ஓய்வதற்குள் பல தலைமுறைகள் தோன்றிவிடுகின்றன.

இதன் உறவினன் ஒருவன் மேலே மலையில் வாழ்கின்றான். ஏலத்தண்டைத் துளைக்கும் புழுவும் இதே குடும்பத்து அந்துவின் மகவே. அதனையும் ஆமணக்குக் காயைத் துளைக்கும் புழுவையும் நெடுங்காலம் ஓரினம் என்றே கருதியிருந்தனர். 2018-இல் ஏலப்புழு தனியினம் எனக் கண்டு, சஃயாத்திரி மலையின் பெயரை அதற்கு இட்டனர். அமெரிக்க நாட்டிலோ, குளவிபோற் பகலிற் பறக்கும் வேறோர் அந்துவின் புழு பூசணித் தண்டையே துளைத்துக் கொடியை வாடச் செய்கின்றது.

இவ்விரண்டும் தண்டினுள் மறைந்திருப்பன; கைக்கு எட்டா. நம் பந்தற்புழுவோ இலைமேல் இருப்பது, கைக்கு எட்டுவது. அங்ஙனமிருக்க, மலைத்தோட்டத்திற் கண்ட வழக்கத்தைக் கொல்லைக்கும் கொணர்ந்து, புழுவொன்று தோன்றினும் கடும் நஞ்சைத் தெளிப்பது ஏன்? அதனை ‘மருந்து’ என்கின்றோம். நோய் தீர்ப்பதன்றோ மருந்து! வள்ளுவர் அப்பெயரால் ஓர் அதிகாரமே வகுத்தார். அது அளவறிந்து உண்ணுதலைப் பேசுவது. புட்டியில் வரும் நஞ்சிற்கு அப்பெயரை இட்டமையால், அதனைக் கையாளுவோர்க்கு அச்சம் நீங்கிவிட்டது. இன்று தெளித்து நாளை பறித்த காயை உண்பவர் நம் மக்களே.

மற்றொரு கேடும் உண்டு. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. காலையில் மலரும் பூக்களிடையே மகரந்தத்தைச் சுமப்பது தேனீ. அவ்வேளையில் நஞ்சு தெளிப்பின் தேனீ மடியும். பிஞ்சு வெம்பி உதிரும். இப்புழுவின் உடலினுள் முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறுகுளவியும் உடன் மடியும். பகையை அழிக்கப் புகுந்து நட்பையும் அழித்தவராவோம்.

ஆதலின் செய்யத்தக்கவை இவை. வாரம் இருமுறை இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். சுருண்ட இலையைப் புழுவோடு கிள்ளிச் சோப்பு நீரில் இடுங்கள். புழு மிகுந்தால், அரைக்கிலோ வேப்பம்பருப்பை இடித்துப் பத்து லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். காய்ப்பு முடிந்த கொடியைப் பந்தலிலே விட்டுவைக்காமல் அகற்றிவிடுங்கள்.

இவ்வேலைக்குப் பொருட்செலவு மிகுதியில்லை. வேண்டுவது கண்ணும் பொறுமையுமே. நம் சிறுவர் சிறுமியர்க்கு இதனைப் பழக்குவோமாயின், பந்தலும் பிழைக்கும். அதன்கீழ் விளையாடும் குழந்தைகளும் நலம் பெறுவர்.