கடலோரத்து அசதி



கல்லீரல் நோய் என்றவுடன் கண்ணில் மஞ்சள் ஏறுவதையும் வயிறு பெருப்பதையும் நினைத்துக்கொள்வது நம் வழக்கம். ஆனால் அவ்விரண்டும் தலைகாட்டுவதற்குப் பல வருஷங்கள் முன்னரே, விரல் கணுக்களில் வலியாகவும், உள்ளங்காலில் எரிச்சலாகவும், எத்தனை உறங்கியும் தீராத அசதியாகவும் அந்த நோய் சரீரமெங்கும் உலவத் தொடங்கிவிடலாம் என்பதும், உடலுழைப்பையே ஜீவனோபாயமாகக் கொண்ட நம் தூத்துக்குடிக் கரையில் அக்குறிகளையெல்லாம் உழைப்பின் கணக்கிலேயே எழுதிவிட்டு நாம் வாளாவிருந்துவிடுகிறோம் என்பதுமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

துறைமுகத்தில் சுமை தூக்குகிறவருக்கு முதுகு வலிக்கும். உப்புப் பாத்தியில் நாளெல்லாம் நிற்கிறவளுக்குப் பாதம் மரக்கும். காரணம் கைவசம் இருக்கும்போது வேறொன்றைத் தேட யாருக்குத் தோன்றும்? சங்கு குளிப்போர் விஷயத்தில் இந்த மயக்கம் இன்னும் அதிகம். பெரிய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு இங்கே நின்றுபோனாலும் சங்குக் குளிப்பு நிற்கவில்லை. கம்ப்ரசரிலிருந்து குழாய்வழி வரும் காற்றைச் சுவாசித்தபடி நெடுநேரம் அடியிலிருந்துவிட்டுச் சடுதியில் மேலேறினால், ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியிட்டு மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும் என்பது மெய்தான். ஆகவே மூட்டு வலியோடு வரும் குளியாளியைக் கண்டதும் கடலின்மேல் பழியைப் போடுவது வைத்தியருக்கும் சுலபம், நோயாளிக்கும் சுலபம்.

திரேஸ்புரத்துக் குளியாளி ஒருவர் என்னிடம் வந்தபோது, "கடலுக்குள்ள போறவனுக்கு மூட்டு வலிக்காம என்னய்யா செய்யும்? நல்ல மாத்திரையா எழுதிக் குடுங்க" என்றுதான் சொன்னார். கூட வந்திருந்த அவருடைய மனைவி விடவில்லை. "கூடப் போறவுகளுக்கெல்லாம் ரெண்டு நாள்ல விட்டுருதுய்யா. இவுகளுக்கு மாசக்கணக்கா விடல. கால்ல பாருங்க, செவப்புச் செவப்பாப் புள்ளி" என்று வேட்டியைக் கணுக்காலுக்குமேல் ஒதுக்கிக் காட்டினார். அந்தப் புள்ளிகள்தாம் எனக்கு வழிகாட்டின. ரத்தத்தைச் சோதித்ததில் ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் இருந்தது.

இங்கே சற்று நின்று ஒரு விந்தையைச் சொல்ல அனுமதிக்க வேண்டும், நேயர்களே. 1989-ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானம் அடையாளம் கண்டுகொண்ட இந்த வைரஸ், கல்லீரலில் குடியேறி நெடுங்காலம் தங்கும்போது, நம் ரத்தத்திலுள்ள தற்காப்புப் புரதங்களில் சிலவற்றை, குளிர்ந்தால் உறையும் இயல்புடையனவாகச் சிலரிடம் விகாரப்படுத்திவிடுகிறது. அவை நுண்ணிய ரத்தக்குழாய்களில் படிந்து அழற்சி உண்டாக்க, மூட்டில் வலியும், காலில் செம்புள்ளியும், போஷணை குன்றிய நரம்பில் எரிச்சலும் மரப்பும் தோன்றுகின்றன. இதைச் சோதிக்க எடுத்த ரத்தத்தை உடற்சூடு ஆறாமலே ஆய்வுகூடத்திற்குக் கொண்டுசேர்க்க வேண்டும்; வழியில் ஆறிவிட்டால் உண்மை கண்ணுக்குத் தப்பிவிடும். பிரித்தெடுத்த தெளிநீரைக் குளிர்பெட்டியில் சில நாள் வைத்திருந்தால் குழலின் அடியில் வெண்மையாய் ஒரு படிவு இறங்குவதும், அதையே மறுபடி வெதுவெதுப்பாக்கினால் இருந்த சுவடின்றிக் கரைந்துபோவதும், எத்தனை முறை கண்டாலும் எனக்கு அலுக்காத காட்சி.

அந்தக் குளியாளிக்கு 12 வாரம் மாத்திரைச் சிகிச்சை நடந்தது. வைரஸ் ஒழிந்தது, மூட்டு வலியும் புள்ளிகளும் அடங்கின, பாதத்தின் மரப்பு மட்டும் மெதுவாகவே குறைந்துவருகிறது, ஏனெனில் நரம்பு என்பது அவசரப்படாத அவயவம். மதுவினாலும், சர்க்கரை நோயினாலும், தயமின் என்னும் வைட்டமின் குறைவினாலும் நரம்பு கெடுவதுண்டு. கல்லீரல் கெட்டவரிடம் இவை யாவும் ஒருங்கே கூடியிருப்பதும் உண்டு. அவற்றை விரித்துரைக்க இன்று நேரமில்லை.

அசதியைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். வீட்டாரால் சோம்பல் என்று ஏசப்படும் வேதனை வேறெந்த வியாதிக்கும் இவ்வளவு இல்லை. கல்லீரல் இறுகிச் சுருங்கிய ஒரு தாய், உப்பளத்தில் வேலை செய்கிறவர், விடியுமுன் எழுந்து கடுங்காப்பியை மட்டும் குடித்துவிட்டு அளத்துக்குப் போவார். இரவில் ஏழு மணிக்கே உண்டுவிட்டுப் படுப்பார். கல்லீரல் என்பது வீட்டு நெற்குதிர் போன்றது. பகலில் உண்டதைச் சேமித்துவைத்து இரவில் அளந்து கொடுக்கிறது. அந்தச் சேமிப்பு குன்றிய நோயாளிக்கு ஓர் இரவுப் பட்டினி என்பது, ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்கு ஒப்பாகும் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். விடியற்காலையில் சரீரம் தன் சதையையே கரைத்து உண்ணத் தொடங்கிவிடுகிறது. அப்படியிருக்க, பாத்தியில் இறங்கி உப்பு வார அவருக்குக் கையில் பலம் எங்கிருந்து வரும்?

படுக்குமுன் ஒரு தம்ளர் பாலும் இரண்டு இட்லியுமோ, கைப்பிடிச் சுண்டலோ சாப்பிடும்படியும், எழுந்ததும் வெறுங்காப்பியோடு புறப்படாதிருக்கும்படியும் அவருக்குச் சொன்னேன். காமாலைக்குப் பத்தியம் என்று மீன், முட்டை, பருப்பு யாவற்றையும் நிறுத்தி நோயாளியை எலும்பாக்கும் பழைய வழக்கத்திற்கு நான் முற்றிலும் விரோதி. கல்லீரல் சுருங்கியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும் என்பதே இன்றைய வைத்திய அபிப்பிராயம். நம் கரையில் மீனுக்கா பஞ்சம்?

கடினமான புத்திமதி உப்பைப் பற்றியது. வயிற்றில் நீர் கோத்தவர் நாளைக்கு 5 கிராம் உப்புக்குமேல் சேர்க்கலாகாது என்றபோது அந்த அம்மாள் என்னைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "வாரி வாரிக் குவிச்ச கைக்குச் சோத்துல உப்பு இல்லன்னா எப்படிய்யா?" என்று கேட்டார். பதில் சொல்ல நா எழவில்லை. ஆயினும் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் அவர் நிறுத்தினார். எலுமிச்சையும் மிளகும் புளியுமாகக் குழம்பை மகள் ருசிப்படுத்தினாள். காலின் வீக்கம் வற்றிற்று.

இனி விரைந்து சில எச்சரிக்கைகள். வலிக்கு டைக்ளோஃபெனாக் முதலிய மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். சுருங்கிய கல்லீரல் உடையவருக்கு அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தப்போக்கையும் உண்டாக்கும். பாராசிட்டமால்கூட வைத்தியர் சொன்ன அளவில்தான். பகலில் தூக்கமும் இரவில் விழிப்புமாக நித்திரை தலைகீழானாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, நீட்டிய கை படபடத்தாலோ அதை அசதி என்று தள்ளிவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அதற்கு மலச்சிக்கலே காரணமாய் இருப்பதும் உண்டு. சிப்பிச் சதையை வேகாமல் உண்ணவே கூடாது. காலில் புண்ணிருந்தால் கடலில் இறங்கவும் கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ என்னும் கிருமி, மற்றவரை லேசில் விட்டாலும், கல்லீரல் நலிந்தவரின் பிராணனையே வாங்கிவிடும்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்டு எழுதிய நேயருக்கு ஒரு வார்த்தை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் முதலியோருடன் சேர்ந்து, அம்மூலிகையைப் பற்றி 1988-இல் லான்செட் பத்திரிகையில் பெரும் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார். அந்தப் பலன் பிற்கால ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. நம்மூர்ச் செடி உலக ஆராய்ச்சி மேடைக்குப் போனதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. எனினும் அதை நம்பி, எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து.

ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டிற்கும் பரிசோதனையும் மருந்தும் 2018-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இலவசம். பி வைரஸைக் கண்டறிந்த பிளம்பர்க் பிறந்த ஜூலை 28-ஆம் தேதியே உலகக் கல்லீரல் அழற்சி தினம். அதற்கு இரண்டு நாள் முன்னதாக நம் பனிமய மாதா ஆலயத்தில் கொடியேறுகிறது. வெளியூரிலும் கப்பலிலும் இருக்கிற பிள்ளைகள் ஊர் திரும்பும் காலம் அது. இவ்வருஷம் அவர்கள் அப்பனையும் அம்மையையும், மூட்டு வலி என்றும் அசதி என்றும் வீட்டில் முடங்கியிருக்கிற அண்ணனையும் அக்காளையும் நம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஒருமுறை ரத்தம் கொடுக்கச் செய்வார்கள் என்று நம்பி விடைபெறுகிறேன்.