கோட்டை காணச் செல்லுமுன்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், தாராசுரத்தில் நிகழ்த்திய உரை)



பத்தாம் ஆண்டு நிறைவையொட்டித் தரங்கம்பாடிக் கோட்டைக்கு ஒருநாள் பயணம் செல்வதென்று சென்ற கூட்டத்தில் முடிவு செய்தோம். பயணத்தை வகுத்துத் தரும் பொறுப்பும், அங்கே உடனிருந்து விளக்கும் பொறுப்பும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. வண்டிக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கைச் சொல்லி அமர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அன்று எழுந்த இரண்டு கோரிக்கைகள் மனத்தைவிட்டு அகலவில்லை. கோட்டைக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதையைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்பது ஒன்று. கீழ்த்தளத்துச் சிறையறையில் ஒரு கவியரங்கம் நடத்த வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் மறுக்கப்போகிறேன். காரணம் கூறாமல் மறுப்பது முறையன்று என்பதால் இந்த உரை.

முதலில் சுரங்கம். பழையாறையிலிருந்து தஞ்சாவூருக்குச் சுரங்கம் உண்டு என்று கேளாமல் நம் பகுதியில் வளர்ந்தவர் யார்? நம் ஐராவதேசுவரர் கோயிலில் அதற்கு ஒரு வாய் இருப்பதாகவும், அரசியர் அதன் வழியே பல்லக்கில் சென்றதாகவும் கதை நீளும். நானும் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, கண்கள் விரிய விரிய அவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னவன்தான். இராசகம்பீரன் மண்டபத்துத் தேர்ச் சக்கரத்தையும், அறுபத்துமூவர் வரலாறு செதுக்கிய சிறு சிற்பங்களையும் விட்டுவிட்டு, அந்தப் பிள்ளைகள் மூலைக்கு மூலை சுரங்க வாயைத் தேடினார்கள். அன்று நான் செய்தது பிழை என்று உணரச் சில ஆண்டுகள் ஆயின.

நம் மண்ணை நாம் அறிவோம். ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் நீர் வந்து சேர்ந்த சில நாட்களிலேயே கொல்லைக் கிணற்றில் நீர் ஏறிவிடும். ஐப்பசி அடைமழையில் வீட்டுத் தரையே கசியும். நம் கோயிலையே பாருங்கள். இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில். சுற்றிலும் தெருமட்டம் உயர்ந்து உயர்ந்து கோயில் தரை பள்ளமாகிவிட, மழைக்காலத்தில் நந்தி மண்டபத்தைச் சுற்றி நீர் தேங்கி நின்றதை இந்த அவையில் பலர் கண்டிருக்கிறோம். தரைக்கு மேல் கட்டிய கோயிலுக்கே இந்த நிலை. இங்கிருந்து தஞ்சைக்குச் சுரங்கம் என்றால் குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஆற்றுக்கு ஆறு அடியில் அது புகுந்து செல்ல வேண்டும். வண்டல் மண்ணில், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, நீர் இறைக்கும் எந்திரம் இல்லாத காலத்தில் அது ஆகக்கூடிய செயலன்று.

அப்படியானால் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தஞ்சையில் செவ்வப்பநாயக்கன் ஏரி நீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து கோட்டைக்குள்ளிருந்த குளங்களுக்கும் கிணறுகளுக்கும் மண்ணுக்கடியில் செங்கல் வழிகளால் சென்றது. ஜலசூத்திரம் என்று அதற்குப் பெயர். அடித்தளம் தோண்டும்போது அத்தகைய வழி ஒன்று அகப்பட்டால், பார்த்தவன் கண்ணுக்கு அது சுரங்கமாகத்தான் தோன்றும். நீர் சென்ற வழியில் நாம் அரசியரைச் செலுத்திவிட்டோம் என்பது என் கருத்து. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரைக்குச் சொல்லப்பட்ட ‘சுருங்கை’ என்னும் சொல்லை எடுத்துக்காட்டிச் சிலர் வாதிடலாம். யானைகள் புகுந்து செல்லும் மறைவழியை அச்சொல் குறிக்கிறது. அது வையைக் கரை நகரின் செய்தி. அதைக் கொண்டு காவிரிப் படுகையில் நெடுந்தூரச் சுரங்கத்தை நிறுவ இயலாது.

போர்த்தடம் வேண்டுமானால் அது நம் ஊர்ப் பெயர்களிலேயே தரைக்கு மேல் கிடக்கிறது. ஆரியப்படையூர், பம்பப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என்று பழையாறையைச் சூழ்ந்த நான்கு ஊர்களும் சோழர் படைகள் தங்கிய இடங்கள் என்பர். அந்த ஊர்களில் இன்று நெல் விளைகிறது. நாள்தோறும் மிதிவண்டியில் அவற்றைக் கடந்து சென்றுகொண்டே, இல்லாத சுரங்கத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

இனிக் கோட்டைகளின் நிலவறை. சமவெளியில், நீர்மட்டம் உயர்ந்த மண்ணில், கோட்டை கட்டுவோன் கீழே தோண்டுவதில்லை. மண்ணை மேலே குவித்து, அக்குவியலின் அணைப்பில் அறையைக் கட்டுகிறான். அகழி தோண்டிய மண்ணே மதிலுக்கு அணைப்பாகும். பீரங்கிக் குண்டு கல்லைப் பிளக்கும். மண்ணிலோ புதைந்து அடங்கிவிடும். வெடிமருந்து ஈரம் தாங்காது; நெல்லும் அவ்வாறே. ஆகவே தடித்த சுவரும் வளைவுக் கூரையும் கொண்ட உலர்ந்த அறை தேவைப்பட்டது. உள்ளே நிற்பவனுக்கு அது நிலத்தடி போலவே இருக்கும். ஒரு சிறு குறிப்பு: நம் பழைய நூல்களில் ‘கிடங்கு’ என்றால் அகழி. இன்று அதே சொல் பண்டங்களை அடைத்து வைக்கும் இடத்தைக் குறிக்கிறது. கோட்டையின் வெளியே இருந்த சொல் உள்ளே வந்துவிட்டது. சொல்லாராய்ச்சி செய்வோர் இதனைத் தொடர்ந்து பார்க்கலாம். எனக்கு இப்போது நேரமில்லை.

தஞ்சைக் கோட்டையும் முற்றுகைகளைக் கண்டதுதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, 1771இலும் 1773இலும் ஆர்க்காட்டு நவாபுக்காக ஆங்கிலப் படை என்று வரிசையாக வந்தனர். 1773இல் கோட்டை வீழ்ந்து, துளஜா மன்னர் சிறைப்பட்டு, 1776இல் மீண்டும் அரசு பெற்றார். ஆனால் அந்நகரில் வீடும் கடையும் கோட்டையை விழுங்கிவிட்டன. கோட்டையை முழுமையாகச் சுற்றிவந்து காண நம் பக்கத்தில் தரங்கம்பாடியே ஏற்றது.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்பாடு செய்துகொண்டு டேனியர் அங்கே கால்வைத்தனர். கப்பல்களோடு வந்த தலைவர் ஓவே கியேத். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு நாயக்கர் அனுப்பிய பொன்னேட்டு மடல் தமிழில் எழுதப்பட்டது. அது இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கடலோரத்தில் எழுந்த டான்ஸ்போர்க் கோட்டையின் மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரிமாரும் இருந்தனர். கீழ்த்தளத்தில் பண்டக சாலை, வெடிமருந்து அறை, படைவீரர் இருப்பிடம், சிறை ஆகியன இருந்தன. 1845இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்கப்படும்வரை இது அவர்கள் கையில் இருந்தது. இடையில் ஆங்கிலேயர் இருமுறை கைப்பற்றித் திருப்பித் தந்தனர்.

இந்தக் கீழறைகளில் யார் இருந்தார்கள்? நான் உங்களை அங்கே அழைத்துச் செல்ல விரும்புவது இந்தக் கேள்விக்காகத்தான்.

முதலாமவர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்க. தாயகத்திலிருந்து கப்பல் வராமல் ஆண்டுக்கணக்காகிவிட்டது. உடனிருந்தோர் ஒவ்வொருவராக மறைய, 1655 முதல் கோட்டையில் எஞ்சிய ஒரே டேனியர் அவர்தாம். 1669இல் கப்பல் வந்து சேரும்வரை, உள்ளூர் மக்களின் துணையோடு கொடியை இறக்காமல் இருந்தார். ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. மண் சுமந்து மதில் எழுப்பிய நம்மவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

இரண்டாமவர் சீகன்பால்கு. 1706இல் வந்து தமிழ் கற்றவர். ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் வழக்கில் தலையிட்டதும், வேறு பூசல்களும் சேர்ந்து கோட்டைத் தலைவருக்குச் சினமூட்ட, 1708 இறுதியில் கைதாகி ஏறத்தாழ நான்கு மாதம் இதே கோட்டையில் அடைபட்டிருந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. விடுதலைக்குப் பின் தொடர்ந்து, 1711இல் முடித்தார். 1715இல் அது தரங்கம்பாடியிலேயே அச்சாகி நிறைவுற்றது. தமிழ் உரைநடையும் அச்சும் நமக்குச் சோறிடுவன. அந்த அச்சு வரலாற்றின் ஒரு பக்கம் இந்தச் சுவர்களுக்குள் கிடக்கிறது.

மூன்றாமவர்க்குப் பெயர் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரையிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினர். பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடியதைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. 1659 முதல் 1661 வரையிலான ஆண்டுகளில் மட்டும் டச்சுக்காரர் ஆயிரக்கணக்கானோரை இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் கொண்டு சென்றனர். டேனியரும் இந்த வாணிகத்திலிருந்து விலகி நிற்கவில்லை. விற்கப்பட்டோர் எந்த ஊரினர்? நம் வயல்களில் நாற்று நட்டவர்களின் முன்னோர் அவர்களில் இருந்திருப்பர் என்று எண்ணுவதில் தவறில்லை. சுரங்கத்தில் பல்லக்கைத் தேடும் நமக்கு இவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

கோட்டையை எப்படிப் பார்ப்பது என்று நமக்குக் கற்பித்தவர் கோவூர்கிழார். நலங்கிள்ளி முற்றுகையிட, நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தபோது பாடிய புறநானூற்று 44ஆம் பாட்டை நீங்கள் அறிவீர்கள். நமக்கு மிக அருகிலுள்ள ஆவூரே அது என்று கொள்வாரும் உண்டு. மதிலின் உயரத்தையோ அகழியின் ஆழத்தையோ அவர் அங்கே பாடவில்லை. தீனி இல்லாமல் தரையில் புரளும் யானையையும், பாலுக்கு அழும் குழந்தையையும், பூவின்றிக் கூந்தலை முடித்த பெண்ணையும், நீரற்ற வீடுகளில் எழும் அழுகையையும் காட்டிவிட்டு, கதவைத் திற என்று மன்னனிடம் சொல்கிறார். அறமென்றால் பகைவனுக்கு விட்டுக்கொடுக்கத் திற, மறமென்றால் போருக்குத் திற. இரண்டுமின்றி ஒளிந்திருப்பது நாணத்தக்கது என்பது அவர் வாதம். ஒரு கோட்டைக்குள் கவிஞன் செய்யக்கூடிய வேலை இன்னதென்று அதற்குப்பின் யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

கவியரங்கம் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். சிறையறையில் ஒலிபெருக்கி வைத்து, சால்வை போர்த்தி, கைதட்டி, நிழற்படம் எடுத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. “அங்கே நின்று பாடினால்தான் உணர்ச்சி வரும்” என்று இளங்கவிஞர் ஒருவர் சொன்னார். தம்பி, உணர்ச்சி வரும், அதில் ஐயமில்லை. ஆனால் அது யாருடைய உணர்ச்சி என்று கேட்டுப்பாருங்கள். அறைக்குள் நாம் சற்றே வாய் மூடி நிற்போம். கவிதையை வீட்டுக்கு வந்து எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டம் முழுவதையும் அதற்கே ஒதுக்கலாம்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் வீடுகள் பலவற்றிலிருந்து பிள்ளைகள் சிங்கப்பூர் சென்றிருக்கிறார்கள். அங்கே கேனிங் குன்றின் அடியில், தரைக்கு ஏறத்தாழ 9 மீட்டர் கீழே, ஆங்கிலேயர் 1930களில் கட்டிய போர்த்தலைமை அறைகள் உள்ளன. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் காலை, ஜப்பானியரிடம் சரணடைவதென்று தளபதி பெர்சிவல் முடிவெடுத்தது அங்கேதான். 1997இல் அதைக் காட்சியகமாக்கினர். தளபதிகள் கூடி முடிவெடுத்த அறையை உருவப் பொம்மைகளோடு அமைத்திருந்தனர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த முடிவின் விளைவைச் சுமந்தோரில் பல்லாயிரம் தமிழர் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். முடிவெடுத்த அறையைக் காட்டுவது எளிது. அந்த முடிவு போய் விழுந்த இடத்தைக் காட்டுவது கடினம். வழிகாட்டுவோன் அங்கேதான் உழைக்க வேண்டும்.

இனிப் பயண ஏற்பாடு. ஐப்பசி, கார்த்திகை கூடாது. மழையும் கடற்சீற்றமும் மிகுதி. சித்திரை வெயில் முதியோருக்கு ஆகாது. தை அறுவடை முடிந்து, மாசியில் போவோம். இங்கிருந்து கும்பகோணம், ஆடுதுறை, மயிலாடுதுறை, செம்பனார்கோயில் வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் போட்ட இரயில் பாதை 1986இல் மூடப்பட்டுவிட்டதால் வேன்தான். காலை ஆறு மணிக்குக் கோயில் வாசலில் கூடுவோம். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. வார விடுமுறை நாளையும் கட்டணத்தையும் எழுதிக் கேட்டுவிடுகிறேன். குழுவாகச் செல்வதற்கும் இசைவு பெற வேண்டும்.

கீழறைகளில் ஒரே நேரத்தில் பன்னிருவருக்கு மேல் நுழைய வேண்டாம். மூன்று அணிகளாகப் பிரிவோம். ஓர் அணி கீழே இருக்கும்போது மற்றொன்று மேல்தளத்து அருங்காட்சியகத்தைப் பார்க்கட்டும். மூன்றாவது மதில்மேல் நின்று கடலைப் பார்க்கட்டும். ஆளுக்கொரு கைவிளக்கு கொண்டுவருக. உப்புக்காற்றில் சுண்ணப்பூச்சு உதிர்கிறது. சுவரில் சாயவோ பெயர் கிறுக்கவோ கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்னரே சொன்னால் படியேறாமல் பார்க்கத்தக்கவற்றை வகைப்படுத்தித் தருகிறேன். ஒவ்வோர் அறையிலும் அங்கே உறுதியாக நடந்ததை மட்டும் சொல்வேன். இன்ன அறையில்தான் சீகன்பால்கு இருந்தார் என்று யாரேனும் விரல் நீட்டிக் காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள்; குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

பிற்பகலில், கடல் ஒரு பகுதியை அரித்துக் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயிலையும், சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தையும் பார்த்துவிட்டு மாலை ஐந்துக்குப் புறப்படலாம். தயிர்ச்சோறும் புளியோதரையும் இங்கிருந்தே கட்டிக்கொண்டு போவதென்று மகளிர் உறுப்பினர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். ஆடவர்கள் தண்ணீர்க் குடங்களைச் சுமக்க வேண்டும் என்பதும் அவர்கள் தீர்மானமே. வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். முப்பத்தாறு இடங்கள் உள்ளன. பத்தொன்பது பெயர் இதுவரை வந்திருக்கிறது.